ஸ்பீடு 100 காட்டியும் கேம் ஏன் திக்குகிறது?

கேள்வி: மதுரையில் இருக்கிறேன், கல்லூரி மாணவன். வீட்டில் 100 எம்பிபிஎஸ் ஃபைபர் இணைப்பு. ரவுட்டர் கீழே ஹாலில் இருக்கிறது. நான் மாடி அறையில் லேப்டாப்பை வைஃபையில் போட்டு வேலரன்ட் ஆடுகிறேன். பகலில் பிங் 40 இருக்கும். இரவு 9 மணிக்கு மேல் 300, 400 என்று எகிறுகிறது. சில நாள் இணைப்பே அறுந்து மறுபடி சேர்கிறது. அந்த நேரத்தில் ஸ்பீடு டெஸ்ட் போட்டாலும் 90க்கு மேல்தான் காட்டுகிறது. கேமிங் ரவுட்டர் வாங்கினால் சரியாகுமா, இல்லை கம்பெனியையே மாற்ற வேண்டுமா?

பதில்: தம்பி, இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். லேப்டாப்பிலிருந்து ரவுட்டர் வரை ஒரு துண்டு, ரவுட்டரிலிருந்து கம்பெனி வரை ஒரு துண்டு, அங்கிருந்து கேம் சர்வர் வரை ஒரு துண்டு. இந்த மூன்றில் எங்கே நேரம் வீணாகிறது என்று தெரியாமல் செலவு செய்தால், பணம் போன பிறகும் அதே 300தான் திரையில் நிற்கும்.

முதலில் ஸ்பீடு டெஸ்டை ஒதுக்கி வையுங்கள். ஒரு வினாடியில் எவ்வளவு டேட்டாவை இழுக்க முடியும் என்பதை மட்டும்தான் அது சொல்கிறது. படம் பார்க்க அது முக்கியம். கேமுக்கு ஒன்றிரண்டு எம்பிபிஎஸ்ஸே தாராளம். கேம் அனுப்புவது பொடிப்பொடியான டேட்டா பாக்கெட்டுகள். அவை போய்த் திரும்ப எத்தனை மில்லிசெகண்ட் ஆகிறது என்பதுதான் பிங். வேலரன்ட் சர்வர் ஆட்டத்தின் நிலையை வினாடிக்கு 128 முறை கணக்கிடுகிறது. உங்கள் பாக்கெட் 300 மில்லிசெகண்ட் சுற்றிவிட்டு வந்தால், அதற்குள் சர்வர் 38 முறை கணக்குப் போட்டு முடித்திருக்கும். நீங்கள் சுவருக்குப் பின்னால் ஒதுங்கிய பிறகும் குண்டு படுவது இதனால்தான்.

பகலில் வரும் 40 நல்ல எண். வேலரன்ட் சர்வர் இருக்கும் மும்பை, மதுரையிலிருந்து நேர்கோட்டில் ஏறக்குறைய 1,150 கி.மீ. கண்ணாடி இழைக்குள் ஒளி வினாடிக்குச் சுமார் 2 லட்சம் கி.மீ. வேகத்தில்தான் போகும். அப்படியானால் போய்வரவே 11, 12 மில்லிசெகண்ட் ஆகிவிடும். கேபிள் நேர்கோட்டில் போவதில்லை, வழியில் கருவிகளும் உண்டு. எந்த ரவுட்டரும் அந்த 40ஐ 10 ஆக்காது. நாம் பிடிக்க வேண்டியது இரவில் கூடுதலாக வரும் 260ஐ.

இன்று இரவு பிங் எகிறும்போது இதைச் செய்யுங்கள். லேப்டாப்பில் கமாண்ட் பிராம்ப்டை இரண்டு ஜன்னலாகத் திறங்கள். இரண்டிலும் ஆங்கிலத்தில் பிங் என்று அடித்து, இடைவெளி விட்டு, ஒன்றில் ரவுட்டரின் முகவரியையும் இன்னொன்றில் 8.8.8.8 என்றும் கொடுங்கள். இது வெளியே இருக்கும் கூகுள் சர்வரின் முகவரி. ரவுட்டர் முகவரி பெரும்பாலும் 192.168.1.1 ஆக இருக்கும். நெட்வொர்க் விவரங்களில் டீஃபால்ட் கேட்வே என்று போட்டிருப்பதுதான் அது. கடைசியில் இடைவெளி விட்டு ஒரு சிறு கோடும் டி எழுத்தும் சேர்த்தால் நிறுத்தும்வரை ஓடிக்கொண்டே இருக்கும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பத்து நிமிடம் பாருங்கள்.

ரவுட்டர் ஜன்னலில் 2, 3, 5 என்று வந்தால் நல்லது. எப்போதாவது ஒரு 30 வந்தால் கவலைப்பட வேண்டாம். அங்கேயே 80, 200, நடுவில் ‘ரிக்வெஸ்ட் டைம்ட் அவுட்’ என்று வந்தால் பழுது உங்கள் வீட்டுக்குள், அதுவும் ஹாலுக்கும் மாடிக்கும் நடுவில். கம்பெனிக்காரரைத் திட்டிப் பயனில்லை.

உங்கள் வீட்டு அமைப்பைப் பார்த்தால் இதற்கு வாய்ப்பு அதிகம். நடுவில் கான்கிரீட் தளம் இருக்கிறது. வைஃபையின் இரண்டு அலைவரிசைகளில் 5 கிகாஹெர்ட்ஸ் அதில் பலமிழந்துவிடும். லேப்டாப் தானாக 2.4க்கு இறங்கும். 2.4இல் ஒன்றின் மேல் ஒன்று ஏறாத சேனல்கள் 1, 6, 11 மூன்றுதான். இரவு 9 மணிக்குத் தெருவில் எல்லோர் வீட்டு ரவுட்டரும் அந்த மூன்றிலேயே முண்டியடிக்கும். பகலில் 40 வருவதற்கும் இரவில் வராததற்கும் இது ஒன்றே போதுமான காரணம். ரவுட்டர் அமைப்பில் இரண்டு பேண்டுக்கும் தனித்தனிப் பெயர் வைத்து, லேப்டாப்பை 5இல் மட்டும் சேர்த்துப் பாருங்கள். மாடியில் அது நிற்கவில்லை என்றால் கேபிள்தான் ஒரே நல்ல தீர்வு. ஒரு கேட்6 கேபிளைப் பைப்புக்குள் விட்டு மாடிக்கு இழுங்கள். 100 மீட்டர் வரை தாங்கும். அதன் செலவு கேமிங் ரவுட்டர் விலையில் ஒரு சிறு பங்குதான். ரிப்பீட்டர் மட்டும் வாங்கிவிடாதீர்கள். ஒரே பாக்கெட்டைக் கேட்டு, மறுபடி காற்றில் சொல்லும் கருவி அது. சிக்னல் கோடுகள் கூடும், தாமதமும் கூடும்.

சரி, ரவுட்டர் ஜன்னல் அமைதியாக இருந்து 8.8.8.8 மட்டும் எகிறினால்? அப்போதும் கம்பெனிமேல் பழி போட அவசரப்பட வேண்டாம். பலரும் கவனிக்காமல் விடும் காரணம் ஒன்று இங்கே இருக்கிறது: அப்லோட்.

இரவு ஆனால் வீட்டில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். எல்லோர் ஃபோனும் சார்ஜில், வைஃபையில். அன்று எடுத்த வீடியோக்கள் கூகுள் போட்டோஸுக்கு ஏறுகின்றன. வாசலில் சிசிடிவி இருந்தால் அதுவும் கிளவுடுக்கு அனுப்பிக்கொண்டிருக்கும். அப்லோட் பாதை நிரம்பியதும், ரவுட்டர் மிச்சத்தைத் தூக்கிப் போடாமல் தன் நினைவகத்தில் வரிசையாகச் சேர்த்து வைக்கிறது. மாதச் சாமான் லிஸ்டோடு நிற்பவருக்குப் பின்னால் ஒரு தீப்பெட்டி வாங்க வந்தவர் நிற்பது போல, உங்கள் கேம் பாக்கெட் அந்த வரிசையின் கடைசியில் காத்து நிற்கும். இதற்கு பஃபர்புளோட் என்று பெயர். 2010 வாக்கில் ஜிம் கெட்டிஸ் என்ற பொறியாளர் தன் வீட்டு இணைப்பிலேயே இதைக் கண்டு எழுதிய பிறகுதான் பரவலாகப் பேசப்பட்டது. 2012இல் கேத்லீன் நிக்கோல்ஸும் வான் ஜேக்கப்சனும் வரிசை நீளாமல் பார்த்துக்கொள்ளும் கோடெல் என்ற தீர்வைக் கொடுத்தார்கள். இவ்வளவு காலம் ஆகியும் நம் வீடுகளில் மாட்டப்படும் ரவுட்டர்கள் பலவற்றில் அது இல்லாதது உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

சோதிப்பது எளிது. ஃபாஸ்ட்.காம் தளத்தில் கூடுதல் விவரங்களைத் திறந்தால் லேட்டன்சி என்று இரண்டு எண் வரும்: லைன் சும்மா இருக்கும்போது ஒன்று, நிரம்பியிருக்கும்போது ஒன்று. முதலாவது 15, இரண்டாவது 250 என்று வந்தால் குற்றவாளி இதுதான். உங்கள் ரவுட்டரில் இந்த வரிசையை நீளவிடாத எஸ்க்யூஎம் என்ற வசதி இருந்தால் அதை இயக்கி, அப்லோட், டவுன்லோட் இரண்டையும் உண்மையில் கிடைக்கும் வேகத்தில் 90 சதவீதத்துக்குக் குறைத்து வையுங்கள். வேகத்தில் பத்து போகும், வரிசை காணாமல் போகும். அது இல்லாத ரவுட்டரில் க்யூஓஎஸ் அல்லது பேண்ட்வித் கன்ட்ரோல் பகுதியில் கேமராவுக்கும் ஃபோன்களுக்கும் அப்லோட் உச்சவரம்பு போடலாம். அதுவும் இல்லையென்றால், போட்டோ பேக்கப்பை நீங்கள் தூங்கிய பிறகு ஓடவிடச் சொல்லி அம்மாவிடம் கேளுங்கள். ரவுட்டர் வாங்கியே ஆக வேண்டும் என்ற நிலை வந்தால், பெட்டியில் கேமிங் என்று அச்சிட்டிருப்பதைப் பார்க்காதீர்கள். எஸ்க்யூஎம் இருக்கிறதா என்று பாருங்கள். ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற இலவச ரவுட்டர் மென்பொருளைப் போட முடிகிற சாதாரண ரவுட்டரே போதும்.

இணைப்பு அறுந்து சேர்வது தனிப் பிரச்சினை. அது நடந்த உடனே ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் அப்டைம் என்ற வரியைப் பாருங்கள். மூன்று நிமிடம் என்று காட்டினால் ரவுட்டரே அணைந்து எழுந்திருக்கிறது. அடாப்டரைத் தொட்டுப் பாருங்கள். கொதித்தால், அல்லது பின் ஆடினால், அதே வோல்ட்டும் குறையாத ஆம்பியரும் உள்ள வேறு அடாப்டரை மாட்டுங்கள். பல வீடுகளில் இத்தோடு முடிந்துவிடும். அப்டைம் பல நாள் என்று இருந்தும் லைன் போனால், ஃபைபரில் ஒளி வரவில்லை என்று காட்டும் எல்ஓஎஸ் விளக்கு சிவப்பாகிறதா என்று கவனியுங்கள். ஃபைபர் கதவிடுக்கிலோ மேசை மூலையிலோ மடங்கியிருந்தாலே ஒளி கசியும். ரவுட்டர் பக்கத்தில் ஆர்எக்ஸ் பவர் (வந்து சேரும் ஒளியின் பலம்) என்ற எண் -18, -22 என்று இருந்தால் நிம்மதி. -27ஐ நெருங்கினால் லைன்மேன் வந்து ஜாயின்டைச் சரிபார்க்க வேண்டும். நீங்களே கழற்றித் துடைக்க வேண்டாம்.

டிஎன்எஸ் மாற்றினால் பிங் குறையும் என்று நண்பர்கள் சொல்வார்கள். குறையாது, பெயரை முகவரியாக மாற்றியதோடு அதன் வேலை முடிந்தது. ரவுட்டரில் தனி வழி திறந்துவிடும் போர்ட் ஃபார்வர்டிங்கும் வேலரன்ட்டுக்குத் தேவையில்லை.

எல்லோர் ஃபோனையும் வைஃபையிலிருந்து எடுத்துவிட்டு, லேப்டாப்பை மட்டும் கேபிளில் மாட்டி, இரவு 9.30க்கும் 8.8.8.8 எகிறுகிறதா? இப்போது பந்து கம்பெனியின் பக்கம். “நெட் ஸ்லோ” என்று புகார் சொல்லாதீர்கள். அவர்கள் ஸ்பீடு டெஸ்ட் போட்டுக் காட்டிவிட்டுப் போய்விடுவார்கள். “ரவுட்டருக்கு 1 மில்லிசெகண்ட், வெளியே 300, கேபிளில், இரவு 9 முதல் 11 வரை, மூன்று நாளாக” என்று சொல்லி ஸ்கிரீன்ஷாட் அனுப்புங்கள். காலை 7 மணிக்கு எடுத்த ஒரு நல்ல ஸ்கிரீன்ஷாட்டும் கூடவே இருக்கட்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் அவர்களின் லைனில் நெரிசல் என்பதைக் காட்டிவிடும். புகாருக்கு டாக்கெட் எண் கேட்டு வாங்குங்கள். அதை வைத்து அதே கம்பெனியின் மேல்முறையீட்டுப் பிரிவுக்குப் போகலாம். அங்கும் நடக்கவில்லை என்றால், கம்பெனியை மாற்றும் முன் அதே தெருவில் வேறு இணைப்பு வைத்திருப்பவர் வீட்டில் இரவு 9 மணிக்கு இதே இரண்டு ஜன்னல்களையும் ஓடவிட்டுப் பாருங்கள்.