"இவன்தான்" என்று குரூப்பில் வந்த படம்

கேள்வி: போன திங்கட்கிழமை இரவு ஏழரை மணிக்குக் காய்கறி வாங்கிக்கொண்டு திரும்பும்போது, ஸ்கூட்டரில் வந்த ஒருவன் ஆபாசமாகப் பேசி, துப்பட்டாவைப் பிடித்து இழுத்துவிட்டுப் போனான். எங்கள் அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்பில் எழுதினேன். "விளக்குகூட எரியாத அந்தத் தெருவுல ஏம்மா போனே?" என்றார் ஓர் அங்கிள். இன்னொருவர் சிசிடிவி திரையை மொபைலில் படமெடுத்து, "இவன்தான்" என்று வண்டி நம்பரோடு போட்டுவிட்டார். அவனா என்று எனக்கு உறுதியாகத் தெரியவில்லை. படமோ நாலு குரூப் தாண்டிவிட்டது. என்ன செய்வது? (வாசகி, கோவை)

பதில்: முதலில் அந்தப் படம். "இவர்தான் என்று நான் சொல்லவில்லை, எனக்கு உறுதியில்லை, தயவுசெய்து யாரும் அனுப்பாதீர்கள்" என்று இன்றே குரூப்பில் எழுதுங்கள். எழுதியதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நாளை அந்த வண்டிக்காரர் அவதூறு என்று கிளம்பினால், உங்கள் நிலை என்ன என்பதற்கு அதுதான் சாட்சி. அட்மினிடம் சொன்னால், யார் போட்ட பதிவானாலும் அந்தக் குரூப்பிலிருந்து அழித்துவிடலாம். வெளியே போனதை அழிக்க முடியாது, உங்கள் மறுப்பையும் அதே வழியில் அனுப்பச் சொல்லுங்கள்.

நான் மிகைப்படுத்தவில்லை. 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில், கோயிலுக்குப் போகிற வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்த மூதாட்டியை, பிள்ளை பிடிக்கிறவர் என்ற வாட்ஸ்அப் வதந்தியை நம்பி ஊரார் அடித்தே கொன்றார்கள்.

படம் சுற்றுவதில் உங்கள் வழக்குக்கும் நஷ்டம் உண்டு. பெரும்பாலானோர் இதை யோசிப்பதில்லை. ஆளைப் பிடித்தால் போலீஸ் அடையாள அணிவகுப்பு நடத்தலாம், வரிசையில் நிற்கிறவர்களில் அவன் யார் என்று நீங்கள் போய்க் காட்ட வேண்டும். "படத்தை ஏற்கெனவே வாட்ஸ்அப்பில் பார்த்தீர்களா?" என்பதுதான் எதிர்த்தரப்பு வக்கீலின் முதல் கேள்வியாக இருக்கும். நீங்கள் பார்த்தாயிற்று. அதை மறைக்காமல், எப்போது, யார் அனுப்பிப் பார்த்தீர்கள் என்று புகாரிலேயே எழுதிவிடுங்கள்.

அடுத்தது கேமரா. கேமரா பதிவைச் சேமிக்கும் பெட்டியான டிவிஆரில் இடம் நிறைந்ததும் பழைய பதிவின் மேல் புதியது ஏறிவிடும், எனவே நாள் கடத்தாதீர்கள். திரையை மொபைலில் எடுத்த படம் போதாது. அந்த ஒரு மணி நேரப் பதிவை மூலத்திலிருந்தே பென்டிரைவில் எடுத்து வைக்கும்படி செக்ரட்டரியிடம் எழுத்தில் கேளுங்கள். நீதிமன்றத்தில் அதைக் காட்ட, 2023ஆம் ஆண்டின் புதிய சாட்சியச் சட்டம் 63ஆம் பிரிவின்படி சான்றிதழ் வேண்டும். அதைப் போலீஸ் கேட்டு வாங்கிக்கொள்வார்கள்.

புகாரில் அவன் சொன்ன வார்த்தையை அப்படியே எழுதுங்கள். கூச்சமாகத்தான் இருக்கும். "தகாத வார்த்தை" என்று மழுப்பினால் வழக்கு வலுவிழக்கும். துப்பட்டாவை இழுத்தது புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா 74ஆம் பிரிவில் வரும்: ஓராண்டு முதல் ஐந்தாண்டு வரை சிறை. பேச்சு 79ஆம் பிரிவு. "எங்க லிமிட் இல்லம்மா" என்று ஸ்டேஷனில் சொன்னால், சம்பவம் எங்கே நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் ஜீரோ எஃப்ஐஆர் போடலாம் என்று, புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவைச் சொல்லுங்கள். புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சிஎஸ்ஆர் ரசீதை மட்டும் கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் எஃப்ஐஆர் நகலையும் கேளுங்கள், இலவசமாகத் தர வேண்டும். திரும்ப அவனைப் பார்த்தால் 112.

அந்த அங்கிளுக்குப் பதில் எழுதி மாரடிக்க வேண்டாம். விளக்கு எரியாத கம்பத்தின் எண்ணைக் குறித்து மாநகராட்சியில் புகார் கொடுத்துவிட்டு வரச் சொல்லுங்கள்.