கணவரைப் பார்த்துக்கொள்ள வேலையை விட்டுவிடட்டுமா?

கேள்வி: என் கணவருக்கு 64 வயது. வியாசர்பாடிக்காரர். எண்பதுகளில் சந்தோஷ் டிராபி கால்பந்துப் போட்டியில் தமிழ்நாட்டுக்காக ஆடினார். கல்கத்தாவில் இரண்டு சீசன் சம்பளத்துக்கு ஆடினார். அப்புறம் விளையாட்டு ஒதுக்கீட்டில் வங்கி வேலை கிடைத்து, இப்போது மாதம் 31,000 ரூபாய் பென்ஷன் வருகிறது. இரண்டு வருடம் முன்பு அவருக்கு டிமென்ஷியா (மறதி நோய்) என்று டாக்டர் சொன்னார். விடிகாலை நாலரைக்கு எழுந்து, ஷூ மாட்டிக்கொண்டு, ‘பிராக்டிஸுக்கு நேரமாச்சு’ என்று கேட்டைத் திறக்கப் போகிறார். தடுத்தால் தள்ளிவிடுகிறார். எனக்கு இடுப்புவலி, சரியான தூக்கமே இல்லை. போன மாதம் பழைய டீம் நண்பர் ஒருவருக்கு 1,20,000 ரூபாய்க்கு செக் எழுதிக் கொடுத்திருக்கிறார்.

எனக்கு 53 வயது. தனியார் கம்பெனியில் கணக்குப் பிரிவில் 38,000 ரூபாய் சம்பளம், 58 வரை வேலை உண்டு. வீட்டுச் செலவு 35,000, மருந்துக்கு 6,000. இதுவரை பகலில் அவரைப் பார்த்துக்கொண்ட என் அம்மாவுக்கும் இனி முடியாது. பகல் நேர அட்டெண்டருக்கு ஏஜென்சியில் 22,000 கேட்கிறார்கள். ‘அவ்வளவு கொடுப்பதற்கு நீயே வீட்டில் இருக்கலாமே’ என்கிறார் நாத்தனார். சொந்த வீடு. எங்கள் இருவர் பெயரில் 22 லட்சம், அவர் பெயரில் மட்டும் 9 லட்சம் வங்கி டெபாசிட். கோவையில் இருக்கும் மகனிடம் எதுவும் கேட்டதில்லை. வேலையை விடட்டுமா? அவருக்கு விளையாட்டு வீரர் பென்ஷன் கிடைக்குமா? பதக்கங்களை விற்கலாமா?

பதில்: வேலையை விடாதீர்கள், சகோதரி. அட்டெண்டரை இந்த வாரமே வையுங்கள்.

உங்கள் கணக்கையே பார்ப்போம். இருவர் வருமானமும் சேர்ந்து 69,000. வீட்டுச் செலவு, மருந்து, அட்டெண்டர் எல்லாம் போக 6,000 மிஞ்சும். வேலையை விட்டால் வரவு 31,000, செலவு 41,000. அட்டெண்டரே இல்லாமல் மாதம் 10,000 துண்டு விழும். 58 வயது வரைக்கான சம்பளம் மட்டும், இன்கிரிமென்ட் சேர்க்காமலே, 22,80,000 ரூபாய். கம்பெனி போடும் பி.எஃப். பங்கும் நின்றுபோகும். அவருக்குப் பிறகு உங்கள் கைக்கு வரப்போவது குடும்ப பென்ஷன்தான், அது இப்போதைய தொகையைவிடக் குறைவு. அன்றைக்கு உங்களுக்குப் பக்கபலம் உங்கள் பி.எஃப். பணமும் அதன் பென்ஷனும்தான். கம்பெனியின் குரூப் மெடிக்கல் பாலிசியில் அவர் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், வேலையோடு அதுவும் போய்விடும். டிமென்ஷியா என்று எழுதியான பிறகு அவருக்குப் புதிதாகத் தனி பாலிசி எடுப்பது மிகக் கடினம். உங்களுக்கென்று ஒரு பாலிசியை மட்டும் இப்போதே எடுத்துவிடுங்கள்.

உங்கள் நாத்தனார் 22,000 ரூபாயைப் பார்க்கிறார். எனக்கு உங்கள் இடுப்பும் தூக்கமும்தான் கண்ணில் படுகிறது. வாழ்நாள் முழுக்க ஓடியாடிய உடம்பு அவருடையது. அந்த பலத்தை நாலரை மணிக்கு ஒற்றை ஆளாக நின்று தடுக்கிறீர்கள். நீங்கள் படுத்துவிட்டால் பகலுக்கு மட்டுமல்ல, இரவுக்கும் சேர்த்து ஆள் வைக்க வேண்டி வரும். எந்த டெபாசிட்டும் அதை நெடுநாள் தாங்காது. ஆகவே உங்கள் ஓய்வை, மருந்துச் செலவுக்கு அடுத்த வரியில் கட்டாயச் செலவாக எழுதச் சொல்கிறேன்.

பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடும் ‘அமெரிக்கன் ஃபுட்பால்’ ஆட்டக்காரர் ஜான் மேக்கிக்கும் டிமென்ஷியா வந்தது. அவரைக் கவனித்துக்கொண்டே விமானப் பணிப்பெண்ணாக வேலை பார்த்தவர் அவர் மனைவி சில்வியா. தன் நிலைமையை விளக்கி, அந்த ஆட்டத்தை நடத்தும் என்.எஃப்.எல். லீகின் தலைவருக்கு அவர் எழுதிய கடிதம்தான், 2007-இல் ‘88 பிளான்’ வரக் காரணமானது. மேக்கியின் ஜெர்ஸி எண் 88. டிமென்ஷியா வந்த முன்னாள் வீரர்களின் பராமரிப்புக்கு ஆண்டுக்கு 88,000 டாலர் வரை அந்தத் திட்டம் கொடுத்தது. அது கணவருக்கான உதவி மட்டுமில்லை, மனைவியின் கையைக் கொஞ்சம் விடுவிக்கும் பணமும்கூட. நம் கால்பந்தில் அப்படி ஒன்று இல்லை. உங்களிடம் இருப்பதிலிருந்து நாமே ஒன்று செய்துகொள்ளலாம்.

அவர் பெயரில் மட்டும் இருக்கும் 9 லட்சத்தை எடுத்து, அஞ்சலக மாத வருமானத் திட்டத்தில் உங்கள் பெயரில் போடுங்கள். தனிநபர் உச்சவரம்பே 9 லட்சம்தான். இப்போதைய 7.4 சதவீத வட்டியில் மாதம் 5,550 ரூபாய் வரும். இதை வீட்டுச் செலவில் கலக்காதீர்கள். மாதத்தில் சில இரவுகளுக்கு நைட் அட்டெண்டரை வைத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு தூங்குங்கள். மீதியில் இடுப்புக்கு பிசியோதெரபி. டெபாசிட் முதிரும் வரை காத்திருக்க வேண்டாம். முன்கூட்டியே எடுப்பதால் கொஞ்சம் வட்டி குறைந்தாலும் பரவாயில்லை, அவர் தெளிவாகக் கையெழுத்துப் போடும் காலம் அதைவிட முக்கியம்.

பலரும் ‘பவர் ஆஃப் அட்டர்னி எழுதி வாங்கிக்கொள்’ என்பார்கள். நம் சட்டப்படி, எழுதிக் கொடுத்தவர் மனநிலை தவறினால் அந்தப் பவர் செல்லாது. உங்களுக்குத் தேவைப்படும் நேரத்தில்தான் அது கைவிடும். பிறகு அவர் பெயரில் உள்ளதைத் தொட உயர் நீதிமன்றம் வரை போக வேண்டியிருக்கும். ஆகவே அவர் நல்ல நினைவோடு இருக்கும் ஒரு காலை வேளையில் டாக்டரிடம் அழைத்துப் போய், விவரம் புரிந்து முடிவெடுக்கிறார் என்று சான்றிதழ் வாங்குங்கள். அவர் சம்மதத்தோடு உயிலையும் நாமினியையும் முடித்துவிடுங்கள். அந்த நிலையை அவர் ஏற்கெனவே தாண்டிவிட்டார் என்று டாக்டர் சொன்னால், எதிலும் கையெழுத்து வாங்காமல் வக்கீலைப் பாருங்கள். 22 லட்சம் ‘இருவரில் ஒருவர்’ என்ற முறையில் இருந்தாலும், முதிர்வுக்கு முன் எடுக்க வங்கி இரண்டு கையெழுத்தும் கேட்கக்கூடும். ஒருவரே எடுக்கலாம் என்று இப்போதே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

அந்த செக் விஷயம். ரசிகர்கள் நீட்டிய காகிதத்தில் எல்லாம் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டுப் பழகியவர் அவர். இனி யார் எதை நீட்டினாலும் போடுவார். செக் புத்தகத்தை அவர் கண்ணில் படாமல் வையுங்கள். பென்ஷன் வந்ததும் பெரும்பகுதியை உங்கள் கணக்குக்கு மாற்றி, அவர் கணக்கில் சில ஆயிரம் மட்டும் இருக்கட்டும். அந்த நண்பரிடம் நோயைச் சொல்லிப் பணத்தைக் கேளுங்கள். பெயரெடுத்த ஆட்டக்காரர் வீட்டில் நோயை மறைக்கத் தோன்றுவது இயல்புதான். ஆனால் நான்கு பேருக்குத் தெரிந்தால்தான் அடுத்த செக்கை யாரும் வாங்க மாட்டார்கள்.

விளையாட்டு வீரர் பென்ஷனை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். மத்திய அரசின் பென்ஷன் ஒலிம்பிக், ஆசியப் போட்டி போன்றவற்றில் பதக்கம் வாங்கியவர்களுக்கு. தமிழக அரசு தருவது நலிந்த நிலையில் உள்ளவர்களுக்கு, உங்கள் வருமானம் அதற்கு இடம் தராது. பதக்கங்களை விற்க வேண்டாம். 1966-இல் உலகக் கோப்பை வென்ற இங்கிலாந்து வீரர் நாபி ஸ்டைல்ஸின் பதக்கம் 2010 ஏலத்தில் 1,60,000 பவுண்டுக்குப் போனது. சந்தோஷ் டிராபி பதக்கத்துக்கு இங்கே அப்படி ஒரு சந்தை கிடையாது. அதைக் கையில் கொடுத்தால் அவர் அரை மணி நேரம் அமைதியாக உட்கார்வார் என்றால், அதுவே உங்களுக்குப் பெரிய லாபம்.

மகனிடம் கேளுங்கள். ‘ஏதாவது உதவி செய்’ என்று பொதுவாகச் சொன்னால் நடக்காது. உங்கள் மெடிக்கல் பாலிசி பிரீமியத்தை அவர் கட்டட்டும். மாதம் ஒரு சனி, ஞாயிறு சென்னைக்கு வந்து அப்பாவோடு இருக்கட்டும். அந்த இரண்டு நாளும் நீங்கள் உங்கள் அம்மா வீட்டுக்குப் போய்விடுங்கள்.