தெரிந்த சினிமா மெட்டில், மைதான கேலரியில் கூட்டமாகப் பாட ஒரு நையாண்டிப் பாட்டு எழுதுவது எப்படி?

வார்த்தையைத் தேடும் முன் மெட்டைத் தேர்ந்தெடுங்கள். பாதிப் பாட்டுகள் இங்கேயேதான் சொதப்புகின்றன. ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். 170 மீட்டர் தள்ளி எதிர்ப்புறம் நிற்பவருக்கு உங்கள் குரல் அரை நொடி தாமதமாகவே கேட்கும். நிமிடத்துக்கு 120 தட்டு வேகத்தில் அது முழுசாக ஒரு தட்டு. வேகக் குத்துப்பாட்டு மைதானத்தில் கூச்சலாகிவிடுவது இதனால்தான். நிதானமான மெட்டு, ஐந்தாறு சுரத்துக்குள் அடங்குவது, வரி முடிவில் கைதட்ட இடம் விடுவது நல்லது. உச்சஸ்தாயிக்குத் தாவும் பல்லவி வேண்டவே வேண்டாம்.

பிறகு மெட்டைத் 'தன்னா தானா' என்று முனகி, குறில், நெடில் எங்கே விழுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். நெடில் இடத்தில் தனிக் குறிலை வைத்தால் இழுவை அசிங்கமாகும்; 'பந்' போல ஒற்றடுத்த (மெய்யெழுத்து பின்னால் வரும்) குறில் சமாளிக்கும். வரியை நெடிலில் முடித்தால் குரல் தூரம் போகும்.

பந்து போச்சு மேலே மேலே
வந்து சேரும் நாளைக் காலை

'பந்து–வந்து' எதுகை. இரண்டாம் எழுத்து மட்டும் ஒன்றினால் போதாது, முதலெழுத்தின் அளவும் ஒக்க வேண்டும்: 'பாட்டு'க்குக் 'கட்டு' சேராது.

நான்கு வரிக்கு மேல் யாருக்கும் மனப்பாடம் ஆகாது. கிண்டல் ஆட்டத்தைப் பற்றி இருக்கட்டும். ஆளின் நிறம், குடும்பம் பக்கம் போகாதீர்கள். சொந்த அணியை வாரும் பாட்டுக்குத்தான், பெரும்பாலும், எதிரணி ரசிகரும் சேர்ந்து கைதட்டுவார்.