டெஸ்ட் டிரைவில் உரசிய மஸ்டாங்: பழுதுச் செலவு யாருடையது?

கேள்வி: குடியாத்தத்தில் கைலி மொத்த வியாபாரம் செய்து வருகிறேன். கல்லூரி நாள் முதலே ஃபோர்டு மஸ்டாங் கார் ஒன்று வாங்க வேண்டும் என்பது என் ஆசை. வேலூரில் பழைய சொகுசுக் கார்களை விற்பவர் ஒருவரிடம், கர்நாடகப் பதிவெண் கொண்ட 2018ஆம் ஆண்டு மஸ்டாங் 54 லட்சம் ரூபாய்க்கு இருந்தது. ஓட்டிப் பார்த்த பிறகே முடிவு சொல்வேன் என்றேன். அதற்கு ஒரு லட்சம் ரூபாய் டோக்கன் அட்வான்ஸ், தொகை நிரப்பாமல் கையெழுத்திட்ட ஒரு காசோலை, என் அசல் ஓட்டுநர் உரிமம் ஆகியவற்றை வாங்கிக்கொண்டு, ஆங்கிலத்தில் அச்சிட்ட ஒரு தாளிலும் கையெழுத்து வாங்கினார்கள். "எந்தச் சேதம் ஏற்பட்டாலும் முழுச் செலவும் வாடிக்கையாளருடையது, அட்வான்ஸ் திருப்பித் தரப்படாது" என்று அதில் இருக்கிறது. சத்துவாச்சாரி அருகே சர்வீஸ் சாலையில் ஓட்டியபோது, பக்கத்து இருக்கையில் இருந்த அவர்களுடைய ஊழியர், "இன்னும் கொஞ்சம் மிதிங்க சார், அப்பதான் இன்ஜின் சத்தம் தெரியும்" என்றார். அடுத்த வேகத்தடையில் காரின் அடிப்பகுதி உரசி ஆயில் ஒழுகியது. யாருக்கும் காயமில்லை. இப்போது 4,60,000 ரூபாய் கொடு, இல்லாவிட்டால் காரை எடுத்துக்கொள் என்கிறார்கள். காசோலையை வங்கியில் போடுவோம், போலீசில் புகார் கொடுப்போம் என்றும் மிரட்டுகிறார்கள். காப்பீட்டைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. காரின் அடிப்பகுதியின் புகைப்படத்தை இத்துடன் அனுப்பியுள்ளேன். அந்தக் காரின் மீதுள்ள ஆசை இன்னும் போகவில்லை என்பதையும் மறைக்க விரும்பவில்லை. நான் என்ன செய்வது?

பதில்: நீங்கள் பெரிதும் அஞ்சுவது கையெழுத்திட்ட அந்தத் தாளைக் கண்டு என்பது உங்கள் கடிதத்திலேயே தெரிகிறது. எனக்கோ அந்தக் காசோலைதான் முதலில் கண்ணில் படுகிறது. தாளை வைத்து அவர்கள் உரிமையியல் வழக்குத்தான் போட முடியும், அது மெதுவாக நடக்கும். காசோலை அப்படியல்ல. தொகையையும் தேதியையும் அவர்களே எழுதி வங்கியில் செலுத்தி, அது திரும்பினால், 1881ஆம் ஆண்டு மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆவது பிரிவின்கீழ் குற்ற வழக்கு வரும். இரண்டு ஆண்டு வரை சிறையோ, காசோலைத் தொகையைப் போல் இரண்டு மடங்கு வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்க அப்பிரிவு இடம் தருகிறது. வெறுமையாகக் கொடுத்த காசோலை செல்லாது என்று நம்மூரில் பலரும் நம்புகிறார்கள். கையெழுத்து உங்களுடையது என்றால், மற்றவற்றைப் பிறர் நிரப்பியிருந்தாலும், அது ஒரு கடனுக்காகவே கொடுக்கப்பட்டது என்ற அனுமானம் உங்களுக்கு எதிராக எழும் என்று 2019இல் பீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது.

அந்த அனுமானத்தை உடைக்க உங்களிடம் நல்ல வாதம் இருக்கிறது. காசோலை கைமாறிய நேரத்தில் நீங்கள் அவர்களுக்கு ஒரு ரூபாயும் கடன்பட்டிருக்கவில்லை. பின்னர் நேர்ந்த சேதத்தின் மதிப்பையும் எந்த நீதிமன்றமும் இன்னும் தீர்மானிக்கவில்லை, நீங்களும் ஒப்புக்கொள்ளவில்லை. ஒரு தரப்பு தானாகவே போட்டுக்கொண்ட நஷ்டக் கணக்கு, தீர்மானிக்கப்படும் வரை சட்டத்தின் பார்வையில் கடன் ஆகாது. ஆனால் இந்த வாதத்தை வழக்கு வந்த பிறகு முதன்முதலாகச் சொல்வதற்கும், காசோலை வங்கிக்குப் போகும் முன்பே எழுத்தில் சொல்லியிருப்பதற்கும் நிறைய வேறுபாடு உண்டு. ஆகவே இந்த வாரமே ஒரு வழக்கறிஞர் மூலம் அறிவிப்பு அனுப்புங்கள். காசோலை எண்ணைக் குறிப்பிட்டு, அது டெஸ்ட் டிரைவுக்கான பிணையாக மட்டுமே தொகை எழுதாமல் கொடுக்கப்பட்டது என்றும், அதை நிரப்ப அனுமதி இல்லை என்றும் அதில் எழுத வேண்டும். பிறகு வங்கியில் பணம் வழங்கலை நிறுத்தச் சொல்லுங்கள். நிறுத்தினாலே 138 பாயாது என்று எண்ண வேண்டாம், அப்போதும் பாயும். எனவே கணக்கில் அவர்கள் கேட்கும் தொகைக்குமேல் இருப்பு வைத்திருப்பது நல்லது. பணம் இருந்தும், நியாயமான காரணத்துக்காகவே நிறுத்தினேன் என்று நிரூபிப்பவர் குற்றத்திலிருந்து தப்பலாம் என்பதே உச்ச நீதிமன்றத்தின் நிலைப்பாடு. காசோலை திரும்பினால் 30 நாட்களுக்குள் அவர்கள் அறிவிப்பு அனுப்ப வேண்டும். அது உங்கள் கைக்கு வந்தபின் 15 நாட்கள் உங்களுக்கு உண்டு. அந்தத் தபாலைப் பிரிக்காமல் பீரோவில் வைத்துவிட்டு வருபவர்களை நான் ஆண்டுதோறும் பார்க்கிறேன்.

இனி அந்தத் தாள். ஓட்டிப் பார்ப்பதற்காக ஒருவர் தம் காரை உங்களிடம் தருவது, 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 148ஆவது பிரிவு சொல்லும் ஒப்படைவு ஆகும். பொருளைப் பெற்றவர், சாதாரண விவேகமுள்ள ஒருவர் தம் சொந்தப் பொருளை எப்படிக் காப்பாரோ அந்த அளவுக்குக் கவனம் காட்ட வேண்டும் என்கிறது 151ஆவது பிரிவு. அப்படிக் காட்டியும் சேதம் வந்தால் அவர் பொறுப்பல்ல என்கிறது 152. ஆனால் "சிறப்பு ஒப்பந்தம் ஏதும் இல்லாதபோது" என்ற சொற்கள் அந்த 152ஆவது பிரிவிலேயே இருக்கின்றன. உங்கள் தாளை அப்படியொரு சிறப்பு ஒப்பந்தம் என்று அவர்கள் வாதிடலாம். ஆங்கிலத்தில் இருந்ததால் படிக்கவில்லை என்ற பதில் எடுபடாது, ஏனெனில் நீங்கள் வணிகர். ஆனாலும் சேதத்துக்குப் பொறுப்பு என்று கையெழுத்திட்டவர், எதிர்த்தரப்பு சொல்லும் எந்தத் தொகைக்கும் கையெழுத்திட்டவர் ஆகிவிட மாட்டார். உண்மையில் ஏற்பட்ட நஷ்டத்தை அவர்கள் நிரூபிக்க வேண்டும். அது இந்தச் சம்பவத்தால் ஏற்பட்டதுதான் என்றும் காட்ட வேண்டும்.

இங்கேதான் நீங்கள் அனுப்பிய புகைப்படம் பேசுகிறது. லிஃப்டில் ஏற்றி எடுத்த அந்தப் படத்தில், இன்ஜினின் அடியில் ஆயில் தங்கும் தொட்டியான ஆயில் சம்ப்பின் முன் விளிம்பில் ஒரு கீறல் வெள்ளி போலப் பளபளக்கிறது. அது புதிது. அதற்கு ஒரு கை அகலம் தள்ளி இன்னொரு கீறல், கறுத்து, எண்ணெய்ப் பிசுக்கில் மண் ஒட்டி, ஓரத்தில் காய்ந்த சேற்றோடு இருக்கிறது. ஒரே பிற்பகலில் விழுந்த இரு கீறல்கள் இப்படி வேறு வேறு வயதுடன் இருக்காது. பழைய கீறலில் விரிசல் ஏற்கெனவே இருந்து, அதை அவர்கள் அறிந்தும் சொல்லவில்லை என்றால், ஒப்படைப்பவர் தமக்குத் தெரிந்த குறையை வெளிப்படுத்த வேண்டும் என்ற 150ஆவது பிரிவு உங்கள் பக்கம் நிற்கும். கார் தாழ்வாக இருப்பதை மட்டும் குறை என்று சொல்லிவிட முடியாது. தரையிலிருந்து ஏறத்தாழ 14 சென்டிமீட்டர் உயரத்தில் நிற்பது மஸ்டாங்கின் இயல்பு. சாலை அமைப்புக்கான தரங்களை வகுக்கும் இந்தியச் சாலைக் காங்கிரஸ் என்ற அமைப்பின் வழிகாட்டுதலில் வேகத்தடை 10 சென்டிமீட்டர் உயரமும் 3.7 மீட்டர் அகலமும் கொண்டு சாய்வாக எழ வேண்டும். நம் தெருக்களில் ஒரு தட்டுச் சிமெண்டைக் குவித்துவிட்டுப் போகும் வேகத்தடைகளுக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. அந்த வேகத்தடையின் உயரத்தையும் அகலத்தையும் டேப்பால் அளந்து, அளவு தெரியும்படி படம் எடுத்து வையுங்கள்.

உங்கள் பக்கத்துப் பலவீனத்தையும் சொல்லிவிடுகிறேன். ஊழியர் மிதிக்கச் சொன்னார் என்பது அவருடைய முதலாளியின் பங்கைக் கூட்டும், உங்கள் பங்கை அழிக்காது. ஸ்டியரிங்கும் பிரேக்கும் உங்களிடம்தான் இருந்தன. கவனமாக ஓட்டினேன் என்பதை நிரூபிக்கும் சுமையும் பொருளைப் பெற்ற உங்கள் மீதே இருக்கும். 400 குதிரைத் திறனுள்ள, பின்சக்கர இயக்கம் கொண்ட ஒரு காரை முதன்முதலாகத் தொடுபவர் சர்வீஸ் சாலையில் மிதித்ததை எந்த நீதிபதியும் புன்னகையோடு கேட்க மாட்டார். ஆகவே ஒரு பைசாவும் தர மாட்டேன் என்று நிற்காமல், புதிய கீறலுக்கான பழுதை மட்டும் பிரித்து மதிப்பிட்ட அறிக்கையைக் கேளுங்கள். காப்பீட்டு மதிப்பீட்டாளர் ஒருவரைக் கொண்டு நீங்களும் தனியே ஓர் அறிக்கை பெறுங்கள்.

காப்பீட்டைப் பற்றி அவர்கள் எதுவும் சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த மௌனம் தற்செயலானதாக எனக்குத் தோன்றவில்லை. தனிநபர் காருக்கான வழக்கமான பாலிசியில், வாகன விற்பனைத் தொழில் தொடர்பான பயன்பாட்டுக்குக் காப்பீடு இல்லை என்ற நிபந்தனை இருக்கும். பழைய உரிமையாளரின் பாலிசியிலேயே காரை ஓட்டக் கொடுத்திருந்தால், இழப்பீடு கோரப் போனால் மறுப்பு வரும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கும். தொழிலுக்கான தனிக் காப்பீட்டை எடுக்காதது அவர்களுடைய குறை, அதை உங்கள் தலையில் ஏற்றுவது முறையல்ல. மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2022 டிசம்பரில் செய்த திருத்தப்படி, 2023 ஏப்ரல் 1 முதல் பழைய வாகன விற்பனையாளர் பதிவு அதிகாரியிடம் அங்கீகாரச் சான்றிதழ் பெற வேண்டும், கார் தம்மிடம் வந்ததைத் தெரிவிக்க வேண்டும், ஒவ்வொரு ஓட்டத்தையும் மின்னணுப் பதிவேட்டில் குறிக்க வேண்டும். அந்தச் சான்றிதழின் நகலையும், அன்றைய ஓட்டத்துக்கான பதிவையும் உங்கள் அறிவிப்பிலேயே கோருங்கள். அவை இல்லாதவர் வழக்கு மன்றத்துக்கு வருவதற்கு இரண்டு முறை யோசிப்பார்.

அட்வான்ஸ் ஒரு லட்சம் திரும்பி வர வேண்டியது. ஓட்டிப் பார்த்த பிறகே முடிவு என்று நீங்கள் முன்பே சொல்லிவிட்டதால் விற்பனை ஒப்பந்தமே உருவாகவில்லை. உருவாகாத ஒப்பந்தத்தை மீறியதாகக் கூறி முன்பணத்தைப் பறிமுதல் செய்ய முடியாது. அந்த உரையாடல் வாட்ஸ்அப்பில் இருந்தால் அதுவே போதும், அழித்துவிடாதீர்கள். காரை எடுத்துக்கொள் என்ற கட்டாயத்துக்கும் சட்டத்தில் இடமில்லை. 1930ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தின் 26ஆவது பிரிவுப்படி, உரிமை மாறும் வரை பொருளின் இடர் விற்பவருடையது. பெற்றவர் என்ற முறையில் மேலே சொன்ன கவனக் கடமை மட்டுமே உங்களுக்கு உண்டு.

காவல் நிலையத்துக்கு அழைத்தால் போங்கள், ஆனால் அங்கே எந்தச் சமரசத் தாளிலும் கையெழுத்திட வேண்டாம். வேண்டுமென்றே செய்யாத, யாருக்கும் காயமில்லாத பழுதுச் செலவுத் தகராறு உரிமையியல் விவகாரம். உங்கள் அசல் உரிமத்தை அடகுபோல வைத்துக்கொள்ள அவர்களுக்கு அதிகாரமில்லை. திருப்பித் தராவிட்டால் நீங்களே புகார் கொடுத்து, அதைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள். அதுவரை டிஜிலாக்கரில் உள்ள உரிமம் செல்லும்.

அறிவிப்புக்குப் பதில் இல்லையென்றால், வேலூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் தாக்கல் செய்யலாம். நீங்கள் செலுத்திய தொகை ஐந்து லட்சம் ரூபாய்க்கு மேல் போகாவிட்டால் புகாருக்குக் கட்டணம் இல்லை.

ஆசை போகவில்லை என்றீர்கள். அப்படியானால் புதிய கீறலின் நியாயமான பழுதுச் செலவில் உங்கள் பங்கை ஏற்று, மீதியை விலையில் கழித்து முடிக்கும் வழியும் இருக்கிறது. வழக்கைவிட அது மலிவு என்றே நினைக்கிறேன். கர்நாடகப் பதிவெண் என்பதால், பேச்சைத் தொடங்கும் முன் தடையின்மைச் சான்றும் நிதி நிறுவனக் கடன் தீர்ந்ததற்கான சான்றும் இருக்கின்றனவா என்று பாருங்கள், தமிழகப் பதிவுக்கு எவ்வளவு ஆயுள் வரி வரும் என்பதை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். எந்தத் தொகை பேசி முடித்தாலும், அந்தக் காசோலையை உங்கள் கையில் வாங்கிய பிறகே பணத்தைக் கொடுங்கள்.