அல்சைமர் போன்ற நோய்களில் மூளையில் சேரும் டாவ் புரதத்தை, செல்லைக் கொண்டே புரதத்தை அழிக்கவைக்கும் புரோட்டாக் மருந்தால் அழிக்க முடியுமா?

கரைந்த நிலையில் இருக்கும் டாவை அழிக்கலாம். இறுகிப்போன டாவ்தான் சிக்கல்.

வழக்கமான மருந்து புரதத்தின் குழியில் உட்கார்ந்து அதன் வேலையைத் தடுக்கும். நிலையான வடிவமில்லாத டாவில் அப்படிப்பட்ட குழி கிடையாது. அதனால் டாவையே அகற்றப் பார்க்கிறார்கள். புரோட்டாக்கின் ஒரு முனை டாவைப் பிடிக்கும், மறுமுனை செரிப்ளான் போன்ற ஈ3 லைகேஸைப் (அழிக்க வேண்டிய புரதத்துக்கு அடையாளம் ஒட்டும் நொதி) பிடிக்கும். இரண்டும் நெருங்கியதும் 76 அமினோ அமிலம் கொண்ட யுபிக்விட்டின் என்ற சிறு புரதம் டாவின் லைசின் என்ற அமினோ அமிலங்களில் சங்கிலியாக ஒட்டப்படும். அந்த அடையாளம் விழுந்த டாவை செல்லின் புரதம் நறுக்கும் இயந்திரமான புரோட்டியசோம் இழுத்து நறுக்கும். மருந்தோ விடுபட்டு அடுத்த டாவைத் தேடிப் போகும்.

புரோட்டியசோமின் வாய் சுமார் 1.3 நானோமீட்டர்தான். மடிப்புப் பிரிந்த புரதம் நூல்போல நுழையும். இறுகிய டாவின் முறுக்கிய இழைக்கட்டு நுழையாது. அதற்கு செல்லின் கழிவுகளைச் செரிக்கும் பையான லைசோசோம் வழியே பொருத்தம் என்பது என் கருத்து.

அடுத்த தடை ரத்த-மூளைத் தடுப்பு. மூளைக்குள் போகும் மாத்திரைகள் பெரும்பாலும் 500 டால்டன் மூலக்கூறு எடைக்குள் இருக்கும். புரோட்டாக் 700 முதல் 1000 வரை போகும். நுழைந்ததையும் பி-கிளைக்கோபுரதம் என்ற பம்பு வெளியே தள்ளிவிடும்.

ஆய்வகத்தில் பலர் சறுக்கும் இடம் செறிவு. மருந்து அதிகமானால் டாவோடு ஒரு மருந்து மூலக்கூறும் லைகேஸோடு வேறொரு மூலக்கூறும் தனித்தனியே ஒட்டிக்கொள்ளும், மூன்றும் சேராது. புரதத்தின் அளவைப் பட்டையாகக் காட்டும் வெஸ்டர்ன் பிளாட் சோதனையில் மெலிந்த டாவ் பட்டை அதிகச் செறிவில் மறுபடி தடித்தால் காரணம் இதுதான். ஆகவே 1 நானோமோலார் முதல் 10 மைக்ரோமோலார் வரை படிப்படியாகப் பாருங்கள். புரோட்டியசோமைத் தடுக்கும் எம்ஜி132 சேர்த்த ஒரு குழியும் செல் வளர்ப்புத் தட்டில் வையுங்கள். அதிலும் டாவ் குறைந்தால் அது புரோட்டியசோமின் வேலை அல்ல.