லி சிங்ஜாவின் புகழும் திருத்தப்பட்ட துயரமும்

கணவரையும் ஊரையும் இழந்த துயரம்தான் சொங் அரசகாலத்துக் கவி லி சிங்ஜாவைச் சீனத்தின் தலைசிறந்த பெண் கவியாக்கியதா என்று கேட்டிருக்கிறீர்கள். மொழிபெயர்ப்புகள் வழியே அவரை நெடுநாளாக வாசித்து வருகிறேன். பாதி மட்டுமே உண்மை என்பேன்.

1084-இல் பிறந்த அவர், துயரம் தொடுவதற்கு முன்பே, இளமையிலேயே கவியாகப் பெயர் பெற்றிருந்தார். மெட்டுக்குச் சொல் அமைக்கும் 'ட்சி' என்ற பாடல் வடிவம் குறித்து அவர் எழுதிய கட்டுரை, தம் தந்தை மதித்துப் போற்றிய பெருங்கவி சூ ஷியின் பாடல்களே மெட்டுக்குப் பொருந்தவில்லை என்று குறை சொல்கிறது. 1101-இல் ஜாவ் மிங்செங்கை மணந்தபின் இருவரும் கல்வெட்டுப் படிகளையும் பழைய வெண்கலக் கலங்களையும் சேர்த்தார்கள். உணவுக்குப் பின், ஒரு செய்தி எந்த நூலில், எந்தப் பக்கத்தில், எத்தனையாவது வரியில் உள்ளது என்று பந்தயம் கட்டுவார்கள். வென்றவர் முதலில் தேநீர் குடிக்கலாம், ஆனால் வென்ற சிரிப்பில் அது மடியிலேயே கொட்டிவிடும். தமக்கு நினைவாற்றல் மிகுதி என்று அவரே எழுதியிருப்பதால், யாருடைய மடி அதிகம் நனைந்திருக்கும் என்பதை ஊகிக்கலாம்.

1127-இல் வடக்கிலிருந்து வந்த ஜூர்ச்சென் இனத்தாரின் படை தலைநகர் கைஃபெங்கைக் கைப்பற்றியது. தெற்கே தஞ்சம் புகுந்த இடத்தில், 1129-இல் கணவர் நோயுற்று இறந்தார். ஆண்டுக்கணக்கில் சேர்த்தவை தீயிலும் திருட்டிலும் கரைந்தன. கணவரின் கல்வெட்டு நூலுக்கு எழுதிய பின்னுரையில் அவர் இவற்றையெல்லாம் சொல்லியிருக்கிறார். ஏழு சொற்களை அடுத்தடுத்து இரட்டித்துத் தொடங்கும் அவருடைய மிகப் புகழ்பெற்ற பாடலையும் இந்தக் கைம்மைத் தனிமையின் குரலாகவே வாசகர்கள் கேட்டு வந்திருக்கிறார்கள்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. 1132-இல் அவர் ஜாங் ரூஜோ என்ற அதிகாரியை மறுமணம் செய்துகொண்டார். சுமார் நூறு நாளிலேயே, ஜாங் தாம் தேர்வு எழுதிய எண்ணிக்கையைப் பொய்யாகக் கூட்டிக் காட்டிப் பதவி பெற்றவர் என்று அரசிடம் புகார் செய்து மணவிலக்குப் பெற்றார். குற்றச்சாட்டு உண்மையே ஆனாலும் கணவன்மீது புகார் சொல்லும் மனைவிக்கு அன்றைய சட்டத்தில் ஈராண்டுச் சிறை உண்டு. அதை அறிந்தே அவர் வழக்குத் தொடுத்தார் என்பதுதான் என்னை வியக்க வைக்கிறது. செல்வாக்குள்ள ஒருவரின் உதவியால் ஒன்பது நாளில் வெளியே வந்தார்.

அக்கால எழுத்தாளர்கள் அவருடைய கவிதையைப் புகழ்ந்துகொண்டே மறுமணத்தைப் பழித்தார்கள். பல நூற்றாண்டுகள் கழித்து, கைம்பெண் மறுமணம் செய்யாமையே கற்பின் அடையாளமாகப் போற்றப்பட்ட சிங் அரசகாலத்தில், அறிஞர்கள் சிலர் அந்த மணமே நடக்கவில்லை, சான்றாகக் காட்டப்படும், தமக்கு உதவியவருக்கு அவர் எழுதிய நன்றிக் கடிதம் எதிரிகள் திரித்தது என்று வாதாடினார்கள். அவர்களுக்கு அவர்மீது இருந்த மதிப்பில் எனக்கு ஐயமில்லை. ஆனால் இறந்த கணவரை எண்ணியே உருகிய மனைவி என்ற உருவம் நிலைக்க வேண்டுமானால், வழக்காடிய பெண் மறைந்தாக வேண்டியிருந்தது. இருபதாம் நூற்றாண்டில்தான் ஆய்வாளர்கள் பலர் மறுமணத்தை மீண்டும் ஏற்றார்கள்.

அவருடைய தொகுப்புகள் தொலைந்துபோய், இன்று சில பத்துப் பாடல்களே எஞ்சியுள்ளன. தம் கல்வியை ஒரு சிறுமிக்குக் கற்பிக்க அவர் முன்வந்ததாகவும், எழுத்துத் திறன் பெண்ணுக்கு உரியதல்ல என்று அவள் மறுத்துவிட்டதாகவும் கவிஞர் லூ யூ குறித்திருக்கிறார். வளர்ந்து பின்னாளில் அவள் இறந்தபோது அவளுடைய கல்லறை வாசகத்தில் லூ யூ அதை எழுதியது, அவளைப் பாராட்டுவதற்காக.