கடிகாரம் கேட்காத ஆடுசதை வலி

கேள்வி: என் அப்பாவுக்கு 68 வயது. இடது முழங்காலில் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை முடிந்து 12 நாள் ஆகிறது. வீட்டுக்கு அனுப்பும்போது ஒரு செயலியும் கையில் கட்டிக்கொள்ளும் கடிகாரமும் கொடுத்தார்கள். செயலி வைத்த இலக்கு 1,500 காலடி. அப்பா 340 தான் நடக்கிறார். ஒரு நாள் இரவு ஆக்சிஜன் 93 என்று காட்டியது. தூக்க மதிப்பெண் தினமும் சிவப்பு. முழங்கால் சூடாகவே இருக்கிறது, தையலுக்கு வெளிப்பக்கம் மரத்துக் கிடக்கிறது, மடக்கினால் ‘டக்’ என்கிறது. யூடியூபில் பார்த்தால் செயற்கை மூட்டு கழன்றிருக்கும் என்கிறார்கள். வலிக் கேள்விகளுக்கு என் மகன்தான் பதில் போடுகிறான்; அது மட்டும் பச்சை. இரண்டு நாளாக ஆடுசதை வலிக்கிறது என்கிறார், அம்மா இரவில் தைலம் தேய்த்து உருவிவிடுகிறார். வயிறு எரிந்ததால் ஒரு மாத்திரையை நிறுத்திவிட்டோம். பருப்பு சாப்பிட்டால் சீழ் வைக்கும் என்று அம்மா பருப்பே போடுவதில்லை. அப்பா தேறிவருகிறாரா, மற்றவர்களைவிடப் பின்தங்கிவிட்டாரா?
வாசகி, செம்பூர், மும்பை

பதில்: ஆடுசதை என்ற சொல்லைப் படித்ததுமே உங்களைத் தொலைபேசியில் அழைத்தேன். அன்று மாலையே அப்பாவை டாப்ளர் ஸ்கேனுக்கு (ஒலி அலைகளால் ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் சோதனை) அழைத்துச் சென்றீர்கள். அதன் முடிவு உங்கள் வீட்டு விஷயம். இங்கே எழுத மாட்டேன். ரத்தக்கட்டி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அன்றைக்கே போனதுதான் சரி. இதேபோல் செயலியோடு வீடு திரும்பியிருக்கும் மற்றவர்களும் படிக்கட்டும் என்று நீங்கள் சம்மதித்ததால் மீதியை எழுதுகிறேன்.

கடிகாரம் காட்டும் எண்களையெல்லாம் முதலில் எழுதிவிட்டு ஆடுசதை வலியைப் போகிறபோக்கில் சொல்லியிருக்கிறீர்கள். உங்கள் பட்டியலில் உயிருக்கு மிகவும் ஆபத்தாக முடியக்கூடியது அதுதான். முழங்கால் மூட்டு மாற்றியபின் காலின் ஆழத்தில் ஓடும் சிரைகளில் ரத்தம் உறைந்து கட்டியாகலாம். அறுவை சிகிச்சையே ரத்தத்தை எளிதில் உறைய வைக்கும். நோயாளி கட்டிலிலேயே கிடந்தால் காலில் ரத்த ஓட்டமும் மந்தமாகிவிடும். முதல் சில வாரங்களில் இந்த ஆபத்து அதிகம், மூன்று மாதம் வரை கவனம் வேண்டும். கட்டி அங்கேயே இருந்தால் வலியும் வீக்கமும்தான். அதிலிருந்து ஒரு துண்டு பிரிந்து நுரையீரல் தமனியை அடைத்தால் உயிரே போகலாம். உருவிவிடுகிறார் என்று படித்தபோது நான் பதறியது அதனால்தான். கால் வலி என்றால் நம் வீடுகளில் கை முதலில் தைலப் புட்டிக்குத்தான் போகும். அம்மா செய்தது அன்பினால். ஆனால் அறுவை நடந்த காலின் ஆடுசதையை யாரும் அழுத்தித் தேய்க்கக் கூடாது, உருவக் கூடாது.

சாதாரண வீக்கத்தையும் இதையும் எப்படிப் பிரித்தறிவது? முழுதாகப் பிரித்தறிய வீட்டில் வழியில்லை என்பதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். மூட்டு மாற்றிய கால் எப்படியும் வீங்கும்; நீலம் பாரித்த தடம் கணுக்கால் வரை இறங்கும். அந்த வீக்கம் மாலையில் கூடும், இரவு காலை உயர்த்தி வைத்துப் படுத்தால் காலையில் குறையும். அப்படிக் குறையாமல் கால் விறைப்பாகவே இருந்தால், ஆடுசதையில் இதுவரை இல்லாத வலி புதிதாக வந்தால், அழுத்தினால் வலி ஓரிடத்தில் கூடினால் சந்தேகப்படுங்கள். முழங்கால் சில்லுக்குக் கீழே கைக்குத் தட்டுப்படும் எலும்பு மேட்டிலிருந்து 10 சென்டிமீட்டர் இறங்கி இரு கால்களையும் தையல்காரர் நாடாவால் அளந்தால், 3 சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருப்பதை மருத்துவர்கள் ஓர் அடையாளமாகக் கொள்வோம். ஆனால் நாடா குறைவாகக் காட்டியது என்று நிம்மதியாக உட்கார்ந்துவிடாதீர்கள். டாப்ளரில் ஊசி இல்லை, பட்டினி இல்லை. எடுத்துப் பார்த்துவிடுவதே முறை.

திடீரென்று மூச்சு வாங்கினாலோ, மூச்சை இழுக்கும்போது நெஞ்சு வலித்தாலோ, இருமலில் ரத்தம் வந்தாலோ, மயக்கம் வந்தாலோ செயலியைத் திறக்காதீர்கள், எனக்கும் எழுதாதீர்கள். 108-ஐ அழைத்து அருகிலுள்ள அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.

நிறுத்திய மாத்திரை எது? பெயரைக்கூட நீங்கள் எழுதவில்லை, எனக்கு மிகவும் கோபம் வந்த இடம் அது. மூட்டு மாற்றியவருக்கு ரத்தம் உறையாமலிருக்க ஆஸ்பிரின், ரிவரோக்சபான், அபிக்சபான் போன்ற ஏதாவது ஒன்றைக் குறிப்பிட்ட நாட்களுக்குத் தருவார்கள். நீங்கள் நிறுத்தியது அதுவாக இருந்தால், ஆடுசதையின் காவலை நீங்களே விலக்கிவிட்டீர்கள். வயிற்றெரிச்சலுக்கு வலி நிவாரணியும் காரணமாக இருக்கலாம். எதை நிறுத்துவது, எதற்கு மாற்று தருவது என்று அறுவை செய்தவர் முடிவு செய்யட்டும். மாத்திரை அட்டைகளையெல்லாம் வரிசையாக வைத்துப் படம் எடுத்து அவருக்கு அனுப்புங்கள். கடையில் டைக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரையை வாங்கிப் போடுகிற பழக்கம் வீட்டில் இருந்தால் அதையும் விடுங்கள். ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையோடு அது சேர்ந்தால் வயிற்றில் ரத்தக் கசிவு வரலாம்.

இனி 340 அடி. அப்பா கடிகாரத்தைக் கையில்தானே கட்டியிருக்கிறார், அந்தக் கை வாக்கரைத்தானே பிடித்திருக்கிறது? கை வீசி நடக்கும் அசைவை வைத்துத்தான் அந்தக் கருவி அடியை எண்ணுகிறது. வாக்கரை இறுகப் பிடித்து மெல்ல நகர்பவரின் பாதி நடை அதன் கணக்கில் ஏறாது. ஒரு நாள் கணுக்காலில் கட்டிவிட்டுப் பாருங்கள். அதற்குப் பிறகும் 1,500 வராவிட்டால் கவலை வேண்டாம். மணிக்கொரு முறை எழுந்து வீட்டுக்குள் நடந்துவருகிறார், கழிப்பறைக்குத் தானே போய்வருகிறார், கட்டிலில் இருக்கும்போது பாதத்தை மேலும் கீழும் ஆட்டுகிறார் என்றால் 12-ஆம் நாளில் எனக்கு அது போதும். எல்லோர் வாயிலும் இருக்கும் 10,000 அடிக் கணக்குகூட மருத்துவத்திலிருந்து வந்ததில்லை. 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த அடி எண்ணும் கருவியோடு பரவியது. அப்பா யாரையும்விடப் பின்தங்கவில்லை. அவர் போட்டியில் இல்லை.

தூக்க மதிப்பெண்ணை அணைத்துவிடுங்கள். மூட்டு மாற்றியவர் முதல் சில வாரங்கள் சரியாகத் தூங்க மாட்டார், அதைச் சொல்லக் கருவி தேவையில்லை. ஒரே ஓர் இரவில் ஒருமுறை வந்த 93, தளர்ந்த பட்டையால் வந்திருக்கலாம். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரை வாங்கி, விரல் சூடாக இருக்கும்போது ஒரு நிமிடம் அசையாமல் வைத்துப் பாருங்கள். அதிலும் குறைவாகவே காட்டினால் அன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள். இதன் மறுபக்கம் இன்னும் முக்கியம். தோல் கறுப்பாக இருந்தால் ஆக்சிமீட்டர் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும் என்பதை 2020 டிசம்பரில் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று எடுத்துக்காட்டியது. ஆகவே அப்பாவுக்கு மூச்சுத் திணறுகிறது, கருவி 97 என்கிறது என்றால் அப்பாவை நம்புங்கள்.

முழங்காலின் சூடு பல மாதம் இருக்கலாம். மரத்துப்போனது தோலுக்கடியில் ஓடும் சிறு நரம்பு அறுபட்டதால். மெல்லச் சுருங்கும், கொஞ்சம் மிஞ்சினாலும் நடைக்குக் குறையில்லை. ‘டக்’ என்பது உலோகமும் பிளாஸ்டிக்கும் தொடும் ஓசை. அந்த ஓசையை மட்டும் வைத்து மூட்டு கழன்றுவிட்டது என்று சொல்ல முடியாது. அந்தக் காணொளிகளைப் பார்ப்பதை நிறுத்துங்கள்.

வலிக் கேள்விகளுக்கு மகன் பதில் போடுவதுதான் என்னை உறுத்துகிறது. முழங்கால் வலி எத்தனை என்று செயலி கேட்கிறது, தாத்தா மூன்று என்கிறார், பையன் மூன்று போடுகிறான், திரை பச்சையாகிறது. ஆடுசதையை அது கேட்கவில்லை, அதனால் அவரும் சொல்லவில்லை. கேள்வியை அப்பாவிடம் தமிழில் முழுதாகப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். கடைசியில் ‘வேறு எங்கே வலிக்கிறது?’ என்று ஒரு கேள்வியைப் பையனே சேர்த்துக் கேட்கட்டும், பதிலை மருத்துவமனைக்குப் போன் செய்து சொல்லுங்கள். 2020 மார்ச்சில் வந்த தொலைமருத்துவ வழிகாட்டுதலின்படி இந்தியாவில் மருத்துவர்கள் தொலைபேசியிலும் காணொளியிலும் எழுத்திலும் ஆலோசனை தரலாம். அவசர நிலை என்றால் நேரில் வரச் சொல்ல வேண்டும் என்பதும் அதிலேயே இருக்கிறது. கட்டம் நிரப்பியதோடு உங்கள் உரிமை முடிந்துவிடவில்லை.

இந்தத் தொழில்நுட்பத்தை நான் வெறுக்கவில்லை. கனடாவின் கியூபெக்கில் மூட்டு மாற்றிக்கொண்ட 205 பேரை வைத்து நடந்து 2015-இல் வெளியான ஆய்வில், வீட்டிலிருந்தபடியே காணொளி வழியாகப் பயிற்சி பெற்றவர்கள் நேரில் பெற்றவர்களுக்குக் குறையாமல் தேறினார்கள். அங்கே திரையின் மறுமுனையில் பிசியோதெரபிஸ்ட் அந்த நேரத்திலேயே பார்த்துக்கொண்டிருந்தார். உங்களுக்கும் அப்படிக் காணொளிப் பயிற்சி கிடைத்தால் விடாதீர்கள். செம்பூர் போக்குவரத்தில் மடங்காத காலோடு டாக்ஸியில் உட்கார வைப்பதைவிட அது எவ்வளவோ மேல். தையலைத் தினமும் ஒரே இடத்தில், ஜன்னல் வெளிச்சத்தில், அழகூட்டும் வசதிகளை அணைத்துவிட்டுப் படம் எடுங்கள். நம் நிறத்தில் சிவப்பு படத்தில் சரியாகத் தெரியாது. நீர் கசிந்தால் கட்டு நனைந்திருப்பது தெரியும். இத்தனை நாளுக்குப் பிறகும் கசிந்தால் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள், ஆன்டிபயாடிக்கை நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். அது நோயை மறைக்கும், எந்தக் கிருமி என்று பரிசோதனையில் கண்டுபிடிப்பதையும் கெடுக்கும்.

படுக்கும்போது முழங்காலுக்கு அடியில் தலையணை வைக்காதீர்கள், கால் நீட்ட வராமல் போய்விடும். குதிகாலுக்கு அடியில் வையுங்கள்.

பருப்பு சீழ் வைக்காது. புண் ஆறுவதற்குப் புரதம் வேண்டும். பருப்பு, தயிர், முட்டை எது பழக்கமோ அதைத் தாராளமாகக் கொடுங்கள். சர்க்கரை நோய் இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் சர்க்கரை அளவைப் பார்த்துக் குறித்துவைத்து, தையல் பிரிக்கப் போகும்போது எடுத்துச் செல்லுங்கள்.